அழவைக்கும் குதிரை

"எனக்கு அந்தக் குதிரைதான் வேணும்!"

பொம்மைக் கடை நடுவில் ராஜா மல்லாக்கப் படுத்துக்கொண்டு காலை உதைத்தான். நயா பைசா புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த காலம். கொடைக்கானல் பஜாரில் சீசன் கூட்டம். விற்பனையாள் நாச்சிமுத்து குதிரைப் பக்கம் போகாமல் ஊதல் பெட்டியைத் தேடினான்.

ஏனென்றால் அந்த மரக்குதிரை விற்பதற்கு இல்லை. முதலாளி அப்துல் குத்தூஸ் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்ததே பிள்ளைகளை அழவைக்கத்தான். பிள்ளை குதிரைக்காக அழும், பெற்றவர்கள் உள்ளே வருவார்கள், ஊதலையோ பந்தையோ தலையில் கட்டி அனுப்புவது நாச்சிமுத்துவின் வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் மழைக்காலத்துக்கும் வேலை உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். மழைக்குக் கடையில் ஒரே ஒரு ஆள்தான். போன மழையில் அந்த ஆள் வேறொருவன். நாச்சிமுத்துவும் மனைவி பாப்பம்மாளும் செண்பகனூரில் பாதி நாள் பட்டினி கிடந்தார்கள். இந்த வருடம் அவள் மாசமாக வேறு இருந்தாள்.

"தம்பி, இந்த ஊதலைப் பாருங்க. ஊதுனா ஏரி வரைக்கும் கேக்கும்."

ராஜா ஊதலை வாங்கினான். ஊதவில்லை, விட்டெறிந்தான். மிட்டாய் ஜாடி உடைந்தது.

"என்னய்யா, பிள்ளை கையில தகரத்தைக் குடுக்கறே? கிழிச்சு வச்சா யாரு பதில் சொல்றது?" என்றாள் அவன் தாய் லீலா. ஜாடியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அது கடை ஜாடிதானே!

"ரப்பர் பந்து தாரேனுங்கம்மா. மெத்துன்னு இருக்கும்."

மெத்தென்ற பந்து அலமாரிக்குப் பறந்தது. தைலப் புட்டிகள் வரிசையாகக் கீழே விழுந்து உடைந்தன. யூகலிப்டஸ் நெடியில் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. அதுவரை கண்ணீர் இல்லாமல் கத்திக்கொண்டிருந்த ராஜாவுக்கும் அசல் கண்ணீர் வந்துவிட்டது.

"பிள்ளையை நெசமாவே அழவிட்டுட்டானே, பாவி!" என்று கத்தினாள் லீலா.

ராஜாவின் தகப்பனார் இராமலிங்கம் மதுரையில் லாரி கம்பெனி வைத்திருப்பவர். நாற்காலியில் சாய்ந்து, டிக்கெட் வாங்கி வந்தவர் மாதிரி நாச்சிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்... அடுத்தது என்ன செய்யப்போறே? உன் சாமர்த்தியத்தைப் பாப்போம்," என்றார்.

கல்லாவிலிருந்து முதலாளி பல்லைக் கடித்தார். "ஏலே, வெரசா அழுகைய நிறுத்து! தலைக்கு மேல சோலி கெடக்கு."

நாச்சிமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினான். மண்டியிட்டுக் கைகளைத் தரையில் ஊன்றிக் கனைத்தான்.

அழுகை பட்டென்று நின்றது. ராஜா முதுகில் ஏறி உட்கார்ந்தான். வயது ஏழுதான், கனம் மட்டும் பத்து வயதுக்குரியது.

கடைக்குள் சுற்றியது போதவில்லை, தெருவுக்குப் போக வேண்டுமாம். போனான். பஜாரிலிருந்த பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டன. "அப்பா, எனக்கும் இந்தக் குதிரை!" என்று குதித்தன. மரக்குதிரையை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இனாமாக வேடிக்கை கிடைக்கும்போது கடைக்குள் யார் நுழைவார்கள்?

முதலாளி வாசலுக்கு ஓடி வந்தார். "எல்லாப் பிள்ளையும் சிரிக்குதேடா! என் யாவாரத்தையே படுக்க வச்சுட்டியே! மழைக்கு மட்டுமில்ல, நாளைக்கே நீ வர வேணாம்."

நாச்சிமுத்து தெருவில் நாலு காலில் நின்றபடியே இதைக் கேட்டான். முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. பாப்பம்மாளிடம் என்ன சொல்வது? அவனுக்கும் ராஜாவைப் போல மல்லாக்கப் படுத்துக் காலை உதைக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் அழுதால் ஊதல் நீட்ட எவன் வரப்போகிறான்?

"அப்பா, இந்தக் குதிரைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்," என்றான் ராஜா.

இராமலிங்கம் நிதானமாக வந்து, நாச்சிமுத்துவின் முதுகைத் தட்டிப் பார்த்தார். "மதுரைக்கு வர்றியா? இங்க வாங்கறது போல ரெண்டு பங்கு சம்பளம். வருசம் பூராவும் வேலை."

"வீட்டுக்காரி மாசமா இருக்காளுங்க..."

"அவளையும் கூட்டிட்டு வா. சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. பழனி ஆண்டவனே நேரில் வந்து கேட்டதுபோல் இருந்தது. கையெடுத்துக் கும்பிட நினைத்தான். முடியவில்லை, ராஜா இறங்கினால்தானே கை தரையை விட்டு எழும்?

இராமலிங்கத்தின் கார் வரைக்கும் அப்படியே போனான். கார்க் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார். பெயர் பொன்னுவேல், ராஜாவைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்றாள் லீலா.

பொன்னுவேல் குனியமாட்டாமல் குனிந்து, நாச்சிமுத்துவின் காதருகே சொன்னார்:

"போன சீசன்ல நானும் ஊட்டியில பொம்மைக் கடையிலதான் நின்னேன் தம்பி. என் இடுப்பு போயிருச்சு, அதான் ஐயா ஒரு வாரமா கடை கடையாப் பிள்ளைய அழவிட்டு ஆள் பாத்துக்கிட்டிருந்தாரு."