மாமன் எத்தனையாவது பத்தி?

தாய்மாமன் சுடலைமாடனின் பெயர் மாரிக்கண்ணுவின் கட்டுரையில் மூன்றாவது பத்தியில் வருகிறது என்ற செய்தி அவர் ஊரான மணிமுத்தாறுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே மாமா பாளையங்கோட்டையில், அவள் வீட்டு வாசலில் நின்றார். நீட்டிய காபியை வாங்கவில்லை.

"உங்க அத்தை முத்துராணி பேரு ரெண்டாவது பத்தியிலயாம்லா? காது குத்தும்போது நீ என் மடியிலதான உக்காந்திருந்த. அப்ப நான் ஆருட்டி?"

"மாமா, இது கல்யாணப் பத்திரிகை இல்ல. ஸ்பானிஷ் வகுப்புக் கட்டுரை."

"எந்த பாஷையா இருந்தா என்ன? பேரு பேருதான."

மாரிக்கண்ணுவுக்குக் கங்கைகொண்டானில், ஒரு ஸ்பெயின் நாட்டுக் கம்பெனியில் வேலை. ஃபர்ஹத் டீச்சரை அமர்த்திக் கம்பெனியே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தது. 'என் குடும்பம்' என்ற தலைப்பில் முன்னுரை, நடுப்பகுதி, முடிவுரை என்று ஒழுங்காக யார் எழுதுகிறார்களோ, அவர்களுக்கு ஸ்பெயினில் ஆறு மாதப் பயிற்சி. மாரிக்கண்ணு கன்னியாகுமரியைத் தாண்டிப் போனதில்லை. அங்கேயும் கடல் மறித்ததால்தான் நின்றாள். எப்படியாவது விமானம் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மாமாவை முதல் பத்திக்கு ஏற்றினாள். சாயங்காலமே கொற்கையிலிருந்து முத்துராணி அத்தை போனில் அழுதாள்.

சரி, வயது வரிசை என்றாள். தன் வயதை வெள்ளைக்காரனுக்குச் சொல்வதா என்று அத்தை கொதித்தாள். அத்தைக்கு இளையவராகிப் பின்னால் போன மாமா, வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

அகர வரிசைக்கு மாறினாள். கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன பெரியப்பா மகன் முதல் ஆளாக வந்து நின்றான். மாரிக்கண்ணுவின் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

விட்டுப்போன சொந்தங்கள் வேறு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஃபர்ஹத் டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, இது கட்டுரையா, ரேஷன் கடை வரிசையா என்று கேட்டாள்.

கட்டுரையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வேலை முடிந்து வரும் வழியில் பஸ் ஆற்றுப் பாலத்தில் நின்றது. மாரிக்கண்ணு வெறுத்துப்போய் ஜன்னல் வழியே தாமிரபரணியைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற தண்ணீர்தான். அது எந்த ஊரை முதலில் தொட்டு, எந்த ஊருக்குப் பிறகு போகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தாள். அவளுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதன் கரையில்தான் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரு பக்கத்தாரையும் அழைத்து உட்காரவைத்துப் படித்தாள். மலைத் தண்ணீர் முதலில் தொடுகிற மணிமுத்தாறில் மாமா. அப்படியே இறங்கி இறங்கி, கடலுக்குப் பக்கத்தில் கொற்கையில் அத்தை. யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தப் புரியாத பாஷைக்குள்ளிருந்து தன் பெயர் எழுந்து வந்ததும் மாமாவுக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி சன்னதியில் நிற்பதுபோல எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். இத்தனை பேரும் ஒரே தண்ணீரில் அடங்கிவிட்டதை மாரிக்கண்ணுவாலேயே நம்ப முடியவில்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசின்னாலும், ஆத்தைக் கடல்ல கொண்டு சேக்குதது நான்தான" என்றாள்.

வீட்டில் சமாதானம் வந்தது. ஆனால் ஃபர்ஹத் டீச்சர் தலையில் கை வைத்தாள். "போச்சு, மாரி. முன்னுரையில ஆறு பொறக்கு. முடிவுரையில கடல்ல விழுது. நடுவுல பூரா ஆளுக. ஒழுங்கு எங்க?"

ஸ்பெயின் கனவு அத்தோடு முடிந்தது என்று மாரிக்கண்ணு நினைத்துக்கொண்டாள்.

முடிவு சொல்லும் நாளில் ஸ்பெயின்காரப் பெரிய அதிகாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரையை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து வந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கடைசியில் மெல்ல ஏதோ கேட்டார்.

"இத்தன பேருல ஒருத்தருகூட கோவிக்கலையான்னு கேக்காரு" என்றாள் கூடவே நின்ற ஃபர்ஹத் டீச்சர்.

"இல்ல."

அதிகாரி வியப்பு தாங்காமல் தலையை ஆட்டினார். அவளுக்கு விமான டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் யாருக்கோ போன் போட்டு அந்தக் கட்டுரையை உரக்கப் படித்தார். மாரிக்கண்ணுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தன் ஸ்பானிஷ் இவ்வளவு நன்றாகவா இருக்கிறது என்று மலைத்துப்போனாள்.

"எனக்கு அங்கன என்ன பயிற்சி, டீச்சர்?"

ஃபர்ஹத் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "பயிற்சிக்குப் போறது வேற ஆளு, மாரி, கம்பெனி முதலாளிமாரு ஏழு பேரும் அண்ணன் தம்பியாம், கல்வெட்டுல யாரு பேரு மொதல்லங்குத சண்டையில புதுக் கட்டடத்தத் தெறக்கவே முடியாம கெடக்காவளாம், அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டுப் போறாக."