எட்டாவது பக்கத்தைச் சத்தமாகப் படித்த கதை

எதையும் படிக்காமல் சம்மதிப்பவன் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதலியார்பேட்டையில் நானும் என் மனைவி செல்வியும் ஒரு சிறிய கிளவுட் நிறுவனம் நடத்துகிறோம். பன்னிரண்டு கிளினிக்குகளின் நோயாளிக் குறிப்புகள் எங்கள் சர்வரில் இருந்தன. அதற்கான மென்பொருள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்தது. புதிய பதிப்பு வந்ததும் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தி, பன்னிரண்டு பேருக்கும் மாற்றிவிட்டேன். (தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?)

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மதாம் தெரேஸிடம் போனோம். அந்தப் பன்னிரண்டில் ஒரு கிளினிக் அவருடையது. கண் டாக்டர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். கையெழுத்துக்கு மேலே ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதச் சொல்வது அவர் வழக்கம். மென்பொருளின் புதிய பதிப்புக்கான உரிமத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார். அவர் கேட்ட வரியைப் போட்டிக்கு எழுதுவதுபோல் அழகாக எழுதிக் கொடுத்தேன்.

“எல்லாம் படிச்சிட்டியாப்பா?”

“ஒரு வரி விடல மதாம்.”

“அப்ப உரிமத்துல எட்டாவது பக்கத்த எடு. சத்தமா படி, எனக்குக் கண்ணு சரியா தெரியல.”

(கண் டாக்டருக்குக் கண் தெரியவில்லையாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

படித்தேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம். பிறருக்குச் சேவையாக நடத்தித் தர அனுமதி இல்லை. பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

“எங்களுக்கு நீ என்ன பண்ற?”

“சேவைதான் மதாம்.”

“நாளைக்கே அவங்க நிறுத்துன்னு சொன்னா, என் பேஷன்ட்டுங்க குறிப்பெல்லாம் என்னா ஆவும்?”

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். என்னை நம்பி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்தவள் செல்வி. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

“பழைய பதிப்புக்கு இந்தத் தடை இல்ல மதாம். அதுக்கே திரும்பிடறோம். ரெண்டு நாள் குடுங்க” என்றாள் அவள்.

அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு கிளினிக்குகளிலும் நோயாளிக் குறிப்புகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். நான் ஒவ்வொரு கிளினிக்காகப் படியேறி மன்னிப்புக் கேட்டேன். கோரிமேட்டில் ஒரு டாக்டர், “உன்ன நம்பித்தானேப்பா குடுத்தோம்?” என்று மட்டும் கேட்டார். அது இன்றும் வலிக்கிறது. மூன்று பேர் எங்களை விட்டுப் போனார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. மதாம் போகவில்லை, ஆனால் இனி செல்வி கையெழுத்துப் போட்டால் போதும் என்றுவிட்டார்.

வீட்டிலும் அதே சட்டம் வந்துவிட்டது. கேஸ் புத்தகம் முதல் பள்ளிக்கூட நோட்டீஸ் வரை எல்லாவற்றுக்கும் செல்விதான்.

போன மாதம் மகள் தன் ரேங்க் கார்டை மெதுவாக என்னிடம் நீட்டினாள்.

“எப்பவும் அம்மாகிட்டதானே கையெழுத்து வாங்குவ?”

“அம்மா படிச்சிப் பாப்பாங்கப்பா.”