எடை பார்த்து வாங்கிய ஹார்டு டிஸ்க்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டுரை எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிரில் நான்கு பேர் நின்றாலே எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற தொழிலைப் பிடித்தேன்.

வடக்கனந்தலில் ஸ்டுடியோ. பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்த புதிது. எங்கு பார்த்தாலும் இடஒதுக்கீட்டுப் போராட்டம். மறுநாள் கள்ளக்குறிச்சியில் என் மச்சினி கல்யாணம். போட்டோவும் வீடியோவும் என் பொறுப்பு. கம்ப்யூட்டரிலோ துளி இடமில்லை.

“புது டிஸ்க் இல்லாம வூட்டுக்கு வராதீங்க. என் தங்கச்சி கல்யாணம், ஒண்ணு வுடாம இருக்கணும்” என்றாள் மனைவி.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். உள்ளங்கை அகலம்தான். இதற்குள் ஒரு கல்யாணமே அடங்குமாம்! மேளம், பந்தி, கோபித்துக்கொண்டு போகும் சித்தப்பா, எல்லாம். எனக்குப் புல்லரித்தது. எதில் இடம் ஜாஸ்தி என்று கேட்க வெட்கம். (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கல்யாண ஆல்பம் சுமந்து பழகிய கை. படம் கூடினால் கனம் கூடத்தானே வேண்டும்?

“இன்னாண்ணே, பூசணிக்காயா வாங்கறீங்க?”

“கனமானதையே குடுங்க.”

“அது பழைய மாடலுண்ணே.”

பரவாயில்லை என்று தலையை ஆட்டிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே மறியல். கூட்டத்துக்குள் புகுந்து கடக்கப் பார்த்தேன். போலீஸ் எல்லோரோடும் சேர்த்து என்னையும் வேனில் ஏற்றியது. “நான் போட்டோகிராபர்” என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. கைதானவர்களை மாலைவரை வழக்கம்போல் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். இறங்கிப் பார்த்தால் அது மச்சினி கல்யாண மண்டபம்! வாசலில் மாமனார் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நீங்க எப்ப போராட்டத்துல சேந்தீங்க?”

உள்ளே, புளிசாதம் தின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கையில இன்னா வச்சிக்கினு இருக்கீங்க?” என்றார். சொன்னேன்.

“ஒரு கல்யாணமே இதுக்குள்ள பூந்துக்குமா!”

கோஷம் நின்றது. டிஸ்க் கைமாறிக் கைமாறி மண்டபத்தையே சுற்றியது. ஓர் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் வாங்கித் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் விட்டார்கள். ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால், பழைய டிஸ்கின் மொத்த இடத்தில் பாதிகூட இதில் இல்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யார் புது செல்போன் வாங்கினாலும், “அப்பாகிட்ட குடு, தூக்கிப் பாத்துச் சொல்லட்டும்” என்கிறார்கள்.

நான் கைதான மறுநாள் அதே மண்டபத்தில் முகூர்த்தம் நடந்தது. தாலி கட்டியது வரை டிஸ்கில் ஏற்றினேன். பந்திக்கு இடமில்லை.