மூன்றாம் மாடிப் புளிச்சகீரை

"அப்பா, இது அந்த லீஃப்தானே?" என்று மகன் அக்ஷய் செல்போனை நீட்டியபோது, சேதுமாதவன் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு பால்கனியில் குந்தியிருந்தார்.

போனில் கஞ்சா இலை. எதிரே தொட்டியில் புளிச்சகீரை. இரண்டும் கூடப் பிறந்தவை மாதிரி இருந்தன.

"இது கீரைடா!"

"எனக்குத் தெரியும்ப்பா. போலீஸுக்குத் தெரியுமா?"

துபாயில், கராமா பகுதியின் அந்தப் பால்கனியில் மூன்று குளிர்காலமாக ஆராய்ச்சி நடந்துவந்தது. பச்சைத் தண்டு ரகம் குளிரிலேயே பூக்கும், புளிப்புதான் இருக்காது. செந்தண்டு ரகம் நாக்கைச் சுண்டி இழுக்கும். ஆனால் பூப்பதற்குள் துபாய் வெயில் வந்து கருக்கிவிடும். இந்த இரண்டு ரகங்களையும் பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டுத் தொட்டுக் கலந்ததில், இந்த வருஷம்தான் ஒரே ஒரு செடி டிசம்பரிலேயே பூத்து, ஒரு காயும் பிடித்திருந்தது. அக்ஷய் பிறந்தபோதுகூட மனுஷர் இவ்வளவு பூரிக்கவில்லை என்பது மனைவி பத்மாவின் கட்சி.

"இந்த வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள் பத்மா.

"நெட்லதான். குளிர் நாட்டுல சீக்கிரம் பூக்க, நாட்டு ரகங்களை எப்படிக் கலக்கணும்னு விலாவாரியா போட்டிருந்தான்."

"என்ன செடிக்கு?"

சேதுமாதவன் குரலைத் தாழ்த்தினார். "கஞ்சாவுக்கு."

"ஐயோ! இலையும் அதே மாதிரி, படிச்சதும் அதையேவா? வேலையும் போய், விசாவும் போய், ஜெயில்ல போய் ஆராய்ச்சி பண்ணுங்க!"

அன்றே பால்கனிக் கம்பியில் ஓர் எட்டு முழ வேட்டியைக் கட்டிச் செடிகளை மறைத்தார். அங்கேதான் வந்தது வினை. வேட்டி இருட்டில் இரவு நீண்டு, பூக்கும் பருவம் வந்துவிட்டதென்று நினைத்த செடிகள், ஒரே வாரத்தில் வேட்டிக்கு மேல் தலைநீட்டிப் பூத்துத் தள்ளின. இன்னொரு வேட்டி கட்டினார். அதற்கு மேல் பத்மாவின் போர்வை.

வெள்ளிக்கிழமை காலை, வாட்ச்மேன் ஈசா இன்டர்காமில் கூப்பிட்டார்.

"சார், கீழ ஒரு ஆபீசர் வந்திருக்கார். உங்க பால்கனியைக் கை காட்டிக் கேக்கறார். மேல கூட்டிட்டு வர்றேன்."

"பிடுங்குங்க எல்லாத்தையும்!" என்று பத்மா குக்கரைத் திறந்தாள்.

மூன்று வருஷ உழைப்பு வேரோடு வந்து, கடுகு தாளிக்கக்கூட நேரமில்லாமல் குக்கருக்குள் போனது. அந்தக் காயை மட்டும் போட அவருக்கு மனசு வரவில்லை. உலகத்தில் அந்த விதை வேறெங்கும் கிடையாது. வாயில் ஒளித்துக்கொண்டார்.

காலிங்பெல் அடித்தது. அதிர்ச்சியில் விழுங்கிவிட்டார்.

காயின் சுணை தொண்டையைப் பிறாண்டியது. கண்ணில் தண்ணீர். பாதி சுணையால், பாதி துக்கத்தால்.

ஆபீசர் நேரே பால்கனிக்குப் போனார். வெறும் தொட்டிகளைப் பார்த்தார். வேட்டிகளைப் பார்த்தார். உள்ளே குக்கர் விசிலடித்தது. சேதுமாதவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

ஆபீசர் ஈசாவிடம் இந்தியில் ஏதோ சொன்னார். ஈசா தமிழில் சொன்னார்:

"கையை இறக்குங்க சார். இவர் முனிசிபாலிட்டி ஆபீசர். பால்கனியில வேட்டி காயப்போடக் கூடாதாம், அதைச் சொல்லத்தான் வந்தாராம். அப்புறம், வேட்டிக்கு மேல மஞ்சளா ஒரு பூ தெரிஞ்சுதே, அதுல ஒரே ஒரு விதை கிடைக்குமான்னு ஆசையா கேக்கறார்."