காதோடு கேட்ட அப்பீல்

கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் மேட்ச்சுக்கு அம்பயராக நின்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார். லண்டனில் யாராவது நின்றிருக்கக்கூடுமே என்று வாசகர்கள் கடிதம் எழுத வேண்டாம். நின்றிருக்க முடியாது. அங்கே உள்ளவர்களுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உஷ் மாமா. சர்வே ஆபீசில் வரைபடத்துக்குக் கோடு போடுகிற உத்தியோகம். கோடு விஷயத்தில் அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டார். பந்து போடுகிறவனின் கால் அரை அங்குலம் தாண்டினாலும் நோ பால்தான். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை எல்லா கிளப்புகளும் நம்பிய ஒரே அம்பயர் அவர்தான். மற்ற அம்பயர்களெல்லாம் யாராவது ஒரு ஆட்டக்காரனுக்கு அத்திம்பேராக இருப்பார்கள்.

அவருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மாமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறி, டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனுப் போட்டார். இடம் கிடைத்ததும் கோமு பிறந்ததும் ஒரே வருஷத்தில் நடந்துவிட்டன. மாமி படிப்பை விட்டுவிடப்போகிறார் என்று தெருவே முடிவு கட்டியபோது மாமா, "நீ போய்ப் படி. கொழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வாரநாட்களில் அடுத்த வீட்டு அம்மாள் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு முழுவதும் மாமாவின் பொறுப்பு.

குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்றால் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என்று மாமாவுக்குத் தோன்றவே இல்லை. தான் போகிற இடத்துக்கெல்லாம் கோமுவும் வருவாள், அவ்வளவுதான். ஒரு காக்கிப் பையில் பால் செம்பு, பாலாடை, வசம்பு, நாலு மாற்றுத் துணி, பனையோலை விசிறி. இந்தச் சீருடன் அடையாற்றங்கரையில் துரைமார்களின் படகுப் பந்தயம், கால்பந்து, கடற்கரையில் பாண்டு வாத்தியம், எல்லாவற்றையும் பத்து மாதத்துக்குள் அந்தக் குழந்தை பார்த்துவிட்டது. பெரும்பாலும் தூங்கிக்கொண்டே பார்த்தது.

அந்தத் தூக்கத்தை யாரும் கலைக்கக்கூடாது. சர்க்கஸ் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "சிங்கம் எத்தனை மணிக்குக் கத்தும்?" என்று மானேஜரைக் கேட்டவர் அவர். மானேஜர் உத்தேசமாக ஒரு நேரம் சொன்னார். ஐந்து நிமிஷம் முன்னதாகவே மாமா குழந்தையோடு வெளியே போய் நின்றார். சிங்கம் அன்றைக்கென்று கத்தவே இல்லை. உள்ளே வந்து மானேஜரைக் கோபித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லஸ்ஸில் டிராம் ஏறியவுடன் டிரைவரிடம் போய், "மணி அடிக்காம ஓட்டு அப்பா, கொழந்தை தூங்கறது" என்றார்.

"இன்னா சாமி, மணி அடிக்காம ஓட்னா எவனாவது குறுக்க வந்து வுழுந்து வெப்பான். அப்பறம் யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. மாமாவுக்கு நியாயம் பிடிக்கும். டிரைவர் பக்கத்திலேயே நின்று, ஒரு கையில் குழந்தையோடு மறு கையால் விசிறியை ஆட்டி, ராயப்பேட்டை வரை தெருவில் போனவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டே போனார். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். இறங்கும்போது டிரைவர், "நாளைக்கும் வா சாமி, எனுக்கு வேலை கம்மியா கீது" என்றார்.

இனி கிரிக்கெட். நான் அப்போது மயிலாப்பூரிலேயே வேகமான பந்து வீச்சாளன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். பந்தைவிட என் அப்பீல் பிரசித்தம். நான் "ஹவ் இஸ் தட்" என்று கத்தினால் குளத்தங்கரைப் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். கோமுவோ உற்சவத்தில் தவிலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தை. என் குரலுக்கு மட்டும் விழித்துக்கொண்டு வீறிட்டாள். மேட்ச் கால் மணி நேரம் நின்றது.

அவளைத் தூங்கவைத்துவிட்டு மாமா என்னைக் கூப்பிட்டார். "அவுட் வேணும்னா காதுல வந்து கேளுடா. ரூல் புஸ்தகத்துல கேக்கணும்னுதான் போட்டிருக்கு. கத்தணும்னு போடலை."

புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். போடவில்லைதான்.

அன்றிலிருந்து எங்கள் கிரிக்கெட்டே மாறிப்போயிற்று. மாமா இடது தோளில் குழந்தையும் வலது கையில் குடையுமாக நிற்பார். குடை உயர்ந்தால் அவுட். பக்கவாட்டில் ஆடினால் பவுண்டரி. அப்பீல் செய்கிறவன் பூனைநடை நடந்து வந்து ரகசியம் சொல்வதுபோல் அவர் காதில் கேட்க வேண்டும். நேராகப் பந்தை அடிக்கும் ஆட்டத்தை எல்லோரும் கைவிட்டார்கள், குழந்தை மேல் பட்டுவிடுமே என்று. ரன் ஓடக் கண்ணாலேயே ஜாடை காட்டிக்கொண்டதில் இரண்டு பேரும் ஒரே முனையில் போய் நின்று அசடு வழிந்தது அடிக்கடி நடந்தது. வேர்க்கடலை விற்கிற முனுசாமி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா இது, சாவு வூட்லகூட இத்தவிட சத்தம் கீது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இதெல்லாம் வேடிக்கை என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் மாமா ஒரு தபால் கார்டைக் காட்டினார். எழுதியவர் மாமியின் அப்பா, கும்பகோணத்தில் ரிடயர்டு தாசில்தார். பெண் படிப்பது அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஒருநாள் சொல்லாமல் வருவாராம். அன்றைக்குக் குழந்தை அழுதுகொண்டிருந்தால், படிப்பை நிறுத்தி, பெண்ணையும் பேத்தியையும் அன்றே கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிடுவாராம். மாமி அப்பா பேச்சைத் தட்டாதவர். "பன்னெண்டு வருஷமா ஆசைப்பட்டு உக்காந்து படிச்சிருக்காடா" என்றார் மாமா. என் அப்பீல் ஒன்றினால் ஒருத்தியின் படிப்பு போய்விடும் என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரலைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

அந்த வருஷக் கடைசி மேட்ச் தியாகராய நகர்க்காரர்களோடு. அங்கே அப்போதுதான் மனை போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. புது ஊர், புது பேட், புது மிடுக்கு. அவர்களிடம் தோற்பதைவிட மீசையை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். சாயங்காலம் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ரன் சமம். அவர்கள் ஒரு ரன் எடுத்தால் கோப்பை அவர்களுக்கு, நான் ஒரு விக்கெட் எடுத்தால் எங்களுக்கு.

பந்தோடு நான் திரும்பியபோது மாமாவின் முகம் வெளிறியிருந்தது. எல்லைக்கோட்டுப் புங்கமரத்தடியில் அல்பாகா கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"மாமனார்" என்றார் மாமா, என் காதில்.

அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வாய் கடந்து மைதானம் முழுவதும் போயிற்று. தியாகராய நகர்க்காரர்களுக்கும் கார்டு விஷயம் தெரியும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓடி வந்து போட்டேன். பந்து நேராக ஆட்டக்காரன் காலில் கட்டிய பாடில் பட்டது. நடு ஸ்டம்புக்கு எதிரே, சந்தேகமே இல்லை. என் மார்பு நிறையக் காற்று ஏறிவிட்டது. புறாக்கள்கூடத் தயாராக இருந்திருக்கும். குழந்தையின் குடுமியளவு முடி மாமாவின் தோளுக்கு மேல் தெரிந்தது. காற்றை விழுங்கிக்கொண்டு, பூனைநடை நடந்து போய், அவர் காதில், "ஹவ் இஸ் தட்" என்றேன்.

மாமா கண்ணைச் சுருக்கி, சர்வே கோடு பார்க்கிற மாதிரி ஆடுகளத்தைப் பார்த்தார். "லெக் பக்கம் போறதுடா. நாட் அவுட்" என்றார் மெதுவாக. நான் நடந்து வந்த நேரத்தில் அவர்கள் அந்த ஒரு ரன்னை ஓடி முடித்திருந்தார்கள்.

தோற்றுப்போனோம். தியாகராய நகர்க்காரர்கள் குதித்தார்கள், தொப்பியை வீசினார்கள், ஒருவனை ஒருவன் தூக்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. எனக்கோ வயிறு எரிகிறது, வாய் திறக்க வழியில்லை.

பெரியவர் நடு மைதானத்துக்கே வந்துவிட்டார். இரண்டு டஜன் வாலிபர்கள் ஊமைக்கூத்து ஆடுவதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யோசிப்பதற்காகப் பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார். தும்மினார். என் ஆயுசில் நான் கத்திய அப்பீல்களையெல்லாம் சேர்த்தாலும் அந்தத் தும்மலுக்கு ஈடாகாது.

கோமு வீறிட்டு அழுதாள்.

நாங்கள் அத்தனை பேரும், ஜெயித்தவன் தோற்றவன் எல்லோரும், அவரைப் பார்த்து ஒரே மூச்சில் "உஷ்" என்றோம். ஒரு தாலுக்காவையே அதட்டிப் பழகிய மனிதர் திருதிருவென்று விழித்தார். மாமா ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் நடுவே மேலும் கீழும் நடந்தார். தியாகராய நகர் காப்டன் விசிறியோடு கூடவே நடந்தான். கோமு தூங்கிவிட்டாள்.

பெரியவர் பொடி டப்பாவைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எத்தனை நாழியா தூங்கிண்டிருந்தது?" என்றார்.

"காப்பி இடைவேளைலேர்ந்து. ஒண்ணரை மணி இருக்கும்."

"எங்காத்துல கதவைச் சாத்திப் போட்டாலும் அரை மணி தூங்காதே." சற்று நேரம் பேத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பரீட்சை என்னிக்கு மாப்பிள்ளை?"

"இன்னும் இருபது நாள் இருக்கு."

"எழுதட்டும். நான் வந்து பாத்தேன், கொழந்தை சௌக்கியமா இருக்குன்னு அவகிட்ட சொல்லிடறேன். தும்மினதை மட்டும் நீங்க சொல்ல வேண்டாம்."

மாமி முதல் வகுப்பில் தேறினார். மயிலாப்பூரில் பாதிப் பெண்களுக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், என் மகள் உட்பட. மாமா கடைசிவரை அந்தப் பந்து லெக் பக்கம்தான் போயிற்று என்று சாதித்தார். நான் இன்றைக்கும் சொல்கிறேன், அது அவுட். ஆனால் அதே பந்தை மறுபடியும் போட்டு, அதே தோளில் அதே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், மறுபடியும் காதோடுதான் கேட்பேன்.