ஒன்பது 'சி' மூச்சு விடுகிறது

கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு நாற்காலி ஜன்னல் வழியாக வெளியே போனது.

"யார்ரா அது?"

ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அங்கே புல்டோசர் உட்கார்ந்திருந்தான். அவன் கதவைத் திறந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை; இடித்துக்கொண்டுதான் வருவான். அதனால் அந்தப் பெயர்.

"காத்துல போயிருக்கும் சார்."

வாத்தியாரின் கை தானாக டஸ்டரைத் தேடிப் போனது. தொட்டதும் சூடு பட்டதுபோல் பின்வாங்கியது. போன பள்ளியில் அவர் வீசிய டஸ்டர் ஒரு பையனின் காதை உரசிக்கொண்டு போய், விசாரணையில்தான் நின்றது. இங்கே சேர்ந்த அன்றே தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை ஏதாவது நடந்தா உங்க வேலை போயிடும் சார். என்னால காப்பாத்த முடியாது." சொன்ன கையோடு, பள்ளியிலேயே மோசமான வகுப்பை அவர் தலையில் கட்டினார்.

வாத்தியார் புல்டோசரை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். முதல் பெஞ்சின் கால் உடைந்தது.

"பொறுப்பைக் குடுத்துப் பாருங்க, திருந்திடுவான்," என்றாள் மனைவி.

வகுப்புத் தலைவனாக்கினார். அவன் பேசுகிறவர்களை அடித்தான். அடிபட்டவர்கள், சும்மா இருந்தவர்களை அடித்தார்கள். கூச்சல் தெருமுனை வரை கேட்டது. அதை அடக்க வாத்தியார் அதைவிடப் பெரிதாகக் கத்தி, மேஜை மேல் ஸ்கேலை ஓங்கி அடித்தார். ஸ்கேல் முறிந்து, ஒரு துண்டு பறந்து போய், இருப்பதிலேயே சின்ன உருவமான பட்டாணியின் ஜடையில் செருகிக்கொண்டு நின்றது.

வகுப்பு உறைந்தது. பட்டாணி அழவில்லை. ஜடையிலிருந்து துண்டை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் உன்னாலதான்டா!" என்று வாத்தியார் புல்டோசர் மேல் பாய்ந்தார். "போ, அந்த ரூமுக்கே போய்த் தொலை!"

அந்த ரூம் வராந்தாவின் கோடியில் இருந்தது. பழைய சோதனைக்கூடத்துக்கு வெள்ளையடித்து 'அமைதி அறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். முரட்டுப் பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, வெளியேற்றவும் கூடாது, அங்கே அனுப்பவேண்டும் என்று உத்தரவு. உள்ளே ஆலோசகர் அம்மா ஒருவர் இருப்பதாகக் கேள்வி. வாத்தியார் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

மறுநாள் புல்டோசர் வகுப்புக்கு வந்தான். கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் சாத்தினான்.

"தண்ணி வேணுமா சார்?"

பையனின் குரல் அது இல்லை. சாவு வீட்டில் பேசுகிற குரல். கண்ணை இமைக்காமல் அவரையே பார்த்துச் சிரித்தான்.

அன்று பட்டாணி தானாகவே எழுந்து, "நானும் அந்த ரூமுக்குப் போகட்டுமா சார்?" என்றாள். பிறகு அவள் பக்கத்து இருக்கைப் பெண். பிறகு நடு பெஞ்சு. போனவர்கள் எல்லோரும் அதே சிரிப்போடு திரும்பி வந்தார்கள்.

வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஆனால் குண்டூசியைத்தான் காணோம். டஸ்டரையும் காணோம், அங்கே ஒரு மெத்தென்ற துணி மடித்து வைத்திருந்தது. வட்டம் வரையும் மரக் காம்பஸைக் காணோம். சாக்பீஸில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தது. ஸ்கேல் கேட்டார். தையற்காரர் கழுத்தில் போடும் டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தான் புல்டோசர்.

"யாருடா இதெல்லாம் பண்றது?"

எல்லோர் முகத்திலும் அந்தச் சிரிப்பு.

வாத்தியார் வேண்டுமென்றே பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதினார். முன்பென்றால் ஊளையிட்டுக் கூரையைப் பிய்த்திருப்பார்கள். இப்போது பட்டாணி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்லை சார். எல்லாருக்கும் வர்றதுதான்."

வாத்தியார் அவசரமாக அதை அழித்தார்.

"பசங்க அடங்கிட்டாங்களாம், அதுக்கு இவருக்குச் சோறு இறங்கலையாம்!" என்றாள் மனைவி. "ஊர் உலகத்துல இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லப்பா."

"உனக்குப் புரியாதுடி. அவங்க எல்லாரும் ஒரே ஆள் மாதிரி சிரிக்கிறாங்க."

இதற்கிடையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ஸ்கேல் விஷயம் காதுக்குப் போய்விட்டது, கதை முடிந்தது என்று வாத்தியார் வியர்த்துக்கொண்டு போனார். தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டெர்ம் முடியட்டும் சார், பார்க்கலாம். போய் உக்காருங்க... உங்க வகுப்புல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த நாள் அவரால் தாங்க முடியவில்லை. "ஏதாவது பேசுங்களேண்டா! சண்டை போடுங்க! எதையாவது தூக்கி எறிங்க!"

எல்லாப் பேனாக்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. ஒருவன் நழுவிப் போய் ஜன்னல்களைத் திறந்தான். வகுப்பு முழுவதும் அவர் கண்ணைப் பார்த்தபடி, ஒன்றாக மூச்சை இழுத்தது. ஒன்றாக விட்டது. அந்தக் காற்றில் அவர் மேஜையிலிருந்த தாள்கள் படபடத்தன. மறுபடி இழுத்தது. விட்டது.

"உங்களுக்கு இப்ப உள்ளுக்குள்ள என்ன தோணுது சார்?" என்றான் புல்டோசர்.

வாத்தியார் வகுப்பைவிட்டு ஓடினார்.

ஆசிரியர் அறையில் ஒளிந்திருந்து, மணி அடித்தபின் திரும்பி வந்தார். வகுப்பு காலி. பைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. வராந்தாவில் ஈ காக்காய் இல்லை. கோடியில் அந்தக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து அதே மூச்சு. இழுத்து... விட்டு...

வாத்தியார் கதவைத் தள்ளினார்.

ஒன்பது 'சி' முழுவதும் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நடுவே நரைத்த தலையோடு ஆலோசகர் அம்மா. வட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலி.

"என் பசங்களை என்ன பண்ணீங்க?" வாத்தியாரின் குரல் கிறீச்சிட்டது. "மந்திரமா, மருந்தா? இவங்களைத் திருத்தற வேலை என்னோடது! என்னை நம்பித்தான் இவங்களை ஒப்படைச்சிருக்காங்க!"

ஆலோசகர் அம்மா பிள்ளைகள் பக்கம் பார்த்தார். பட்டாணி எழுந்து வந்து, வாத்தியாரின் விரலைப் பிடித்து, காலி நாற்காலியில் மெல்ல உட்கார வைத்தாள்.

"கத்தாதீங்க சார், மூச்சை நல்லா இழுத்து விடுங்க. ஸ்கேல் உடைஞ்ச அன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பறதா இருந்தாங்க. 'இந்த ஒரு டெர்ம் எங்ககிட்ட விடுங்க, சாரை நாங்க திருத்திக் காட்டறோம்'னு நாங்கதான் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கோம்."