லிடுவினாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த குடியுரிமை

ஃபால் ரிவர்,
வியாழக்கிழமை

என் அருமை மருமகன் அடெலினோவுக்கு,

உன் தாய்மாமன் எர்மீனியோ கைப்பட எழுதுவது. நான் நலம், உன் அத்தை நலம், நம் தீவுக்காரர்கள் கூடும் பரிசுத்த ஆவி மன்றத்தின் கூரை மட்டும் ஒழுகுகிறது. நீ சிப்பி பிடிக்கப் போன படகு கரை தொட்டதும் இக்கடிதம் உன் கைக்கு வர ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் உன் மனைவி லிடுவினா சொல்வதைக் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடு. நல்ல பெண்தான்; ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

அமெரிக்கக் குடிமகனைக் கட்டியவளுக்கு மூன்று வருஷத்தில் குடியுரிமை என்பது சட்டம், சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். உங்கள் கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று வருஷம். கடலுக்கு அப்பால் நம் பீக்கோ தீவில் கண் மங்கித் தனியாகக் கிடக்கும் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளத்தான் அவள் குடியுரிமைக்குத் தவிக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும், நீயோ கடலில், வேறு யார் இருக்கிறார்கள், நான்தானே? மன்றத்தைப் பிடித்தேன், பேண்டு வாத்தியம் வைத்தேன், அறுநூறு பேரை அழைத்தேன், மழையினால் நாற்பது பேர் வந்தார்கள், கொடி போட்ட கேக்கில் "வாழ்க குடிமகள்" என்று எழுதச் சொன்னேன்.

"மாமா, இன்னும் விண்ணப்பமே போடலையே!" என்றாள் லிடுவினா.

"அதெல்லாம் தானா வரும். நீ கேக்கை வெட்டு."

அந்த நேரம் பார்த்து, இலவசமாகச் சட்ட உதவி செய்கிற வக்கீலம்மா எதுவார்தா கையில் சாசேஜோடு வந்தாள். "கல்யாணத்துலேர்ந்து இல்ல சார், கிரீன் கார்டு கிடைச்ச நாள்லேர்ந்து மூணு வருஷம். தொண்ணூறு நாள் முன்னாடி வேணா விண்ணப்பிக்கலாம். அந்த மூணு வருஷமும் புருஷன் குடிமகனா இருக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணாக் குடும்பம் நடத்தியிருக்கணும்."

கார்டு வந்ததோ கல்யாணத்துக்கு ஒரு வருஷம் கழித்து. பேண்டு நின்றது. லிடுவினா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப அம்மா இன்னும் காத்துக் கிடக்கணுமா?"

பெண்கள் அழுதால் எனக்குத் தாங்காது. பேச்சை மாற்றுவதற்காக, "அடெலினோ மாதிரிப் பையன் உண்டா? போன குளிர்காலம் முழுக்க என் பேஸ்மென்ட்லதான் கிடந்தான், ராஜா மாதிரிப் பாத்துக்கிட்டேன்!" என்றேன்.

வக்கீலம்மா மெல்வதை நிறுத்தினாள். "முழுக்கவா? பொண்டாட்டியைப் பிரிஞ்சா?"

"ஐயோ மாமா! ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு ராத்திரி! நானும்தானே கூட இருந்தேன்!"

அடுப்படியிலிருந்து உன் அத்தை தெயோலிந்தா கரண்டியோடு வந்தாள். "இந்த மனுசன் பேச்சை எழுதிக்காதீங்கம்மா. ரெண்டு பேருக்கும் போர்வை எடுத்துக் குடுத்ததே நான்தான். இவரு மத்தி பிடிச்சா, வீடு வர்றதுக்குள்ள அது திமிங்கலமாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மனிதன் என்பதால் நானும் சிரித்தேன். "ஒண்ணும் பாதகமில்ல, லிடுவினா. நேரம் வந்ததும் விண்ணப்பத்தை நான் அனுப்பறேன். நேர்காணலுக்கு மட்டும் இவரைக் கூட்டிட்டு வராதே" என்றாள் வக்கீலம்மா. லிடுவினா அம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா" என்றாள். "பெட்டியைக் கட்டுங்க!" என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். நன்றி இல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

ஆக, வேலை முக்கால்வாசி முடிந்தது. நன்றியெல்லாம் வேண்டாம். பரிசுத்த ஆவியின் அருளும், என் ஆசியும், மீந்துபோன கேக்கும் உங்கள் வீட்டை நிறைக்கட்டும்.

உன் மாமன்,
எர்மீனியோ

பி.கு.: கிளம்பும்போது வக்கீலம்மா, "இவ்வளவு சட்டம் தெரிஞ்சவர், நீங்க எப்ப சார் குடிமகன் ஆனீங்க?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அத்தை முந்திக்கொண்டாள்: "நான் ஆகி இருபது வருஷமாச்சு. இவரு இன்னும் ஆகவே இல்ல. பரீட்சைன்னா பயம்." குடிமகளின் புருஷனுக்கும் அதே மூன்று வருஷச் சட்டம்தானாம். மூன்று வருஷமாக என்னோடு ஒற்றுமையாகக் குடும்பம் நடத்துவதாக உன் அத்தை எழுதிக் கொடுத்தால் நல்லதாம். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.